ஒரு வசைச்சொல்லின் யோக்கியதை

ஆங்கிலம் பேசும் நாடுகளின் விளையாட்டுப் பத்திரிகைகளில் 'சோக்கர்' என்றொரு சொல் வெகு காலமாக நடமாடி வருகிறது. தொண்டை அடைத்து மூச்சு முட்டியவன் என்பது அதன் நேர்ப்பொருள். கைக்கெட்டிய வெற்றியை, எதிரியின் சாமர்த்தியத்தால் அன்றித் தன் மனக்கலக்கத்தால் நழுவ விடுகிறவன் என்பது ஆட்டக்களத்தில் அதற்கு ஏற்பட்ட பொருள். நமது தமிழ்ப் பத்திரிகைகள் இச்சொல்லை மொழிபெயர்க்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல் அப்படியே வாங்கி அச்சிட்டு வருகின்றன. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி ஒரு பெரிய பந்தயத்தில் தோற்றது என்று செய்தி வந்த மறுநாள் காலையில், காப்பிக் கடை முதல் கோர்ட்டு வராந்தா வரையில் இந்தச் சொல்லே காதில் விழும். ஒரு தேசத்து ஆட்டக்காரர்கள்மீது முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே குற்றம் சுமத்தப்பட்டு வருகிறது. குற்றப்பத்திரிகையை வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாட்சியத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதே இன்று நமது நோக்கம்.

பந்தாட்டத்துக்கு இப்பக்கத்தில் இவ்வளவு இடமா என்று நேயர்களில் சிலர் வினவலாம். பொழுதுபோக்கில் நாம் எவ்விதம் தீர்ப்புச் சொல்லுகிறோமோ, அவ்விதமேதான் பொது விவகாரங்களிலும் சொல்லப் பழகிவிடுகிறோம் என்பது நமது அனுபவம். மேலும், இதில் வாதிப் பக்கத்தில் நிற்பவர்கள் நாமே. ஆகையால் விசாரணை நமக்கும் உரியது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெரிய சபையில், பெரிய சந்தர்ப்பத்தில், கற்ற வித்தை கைவிட்டுப் போவது என்பது உண்மையாக நிகழக்கூடியதுதானா? நிகழக்கூடியதே. அதில் தகராறு இல்லை. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல் அவையஞ்சாமைக்கு வேறாக ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கற்றிருப்பதும் சபையில் கலங்காதிருப்பதும் வெவ்வேறு என்பது நம்மவர்கள் அறியாத சங்கதி அன்று. மேல்நாட்டுச் சாஸ்திரிகளும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ராய் பாமைஸ்டர் 1984-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் பெயர் பெற்றது. அதன் சாரம் இது: நன்றாகப் பழகிய ஒரு வேலையைக் கை தானாகவே செய்கிறது, சந்தர்ப்பத்தின் கனம் மனத்தை அழுத்தும்போது, மனிதன் தன் கை என்ன செய்கிறது என்று உற்றுக் கவனிக்கத் தொடங்குகிறான், அந்தக் கவனிப்பே கையின் ஓட்டத்தைக் குலைத்துவிடுகிறது. மாடிப்படியில் ஓடி இறங்குகிறவன் நடுவில் தன் பாதங்களைப் பற்றி யோசித்தால் என்ன ஆகும் என்பதை அனைவரும் அறிவோம்.

இதற்குப் பிரத்தியட்சமான உதாரணம் ஒன்று உண்டு. 1993-ஆம் வருஷம் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தின் பெண்கள் இறுதி ஆட்டத்தில் செக் நாட்டு யானா நோவோட்னா, ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபை எதிர்த்து மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னணியில் நின்றார். பந்தை அடித்துத் தொடங்கும் முறையும் அவருடையதே. 40-30 என்ற நிலையில் ஒரு புள்ளி வந்தால் 5-1. அவ்விடத்தில் இரண்டு சர்வீஸ்களையும் தவறவிட்டார். அதற்குப் பின் ஒரு கேம்கூட அவருக்கு வரவில்லை. 7-6, 1-6, 6-4 என்ற கணக்கில் தோற்றார். பரிசளிக்க வந்த கெண்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் தேம்பி அழுத படம் உலகமெங்கும் அச்சாயிற்று. 1995-ஆம் வருஷம் பிரெஞ்சுப் பந்தயத்தில் இன்னும் மோசம். சாண்டா ரூபினுக்கு எதிராகக் கடைசி செட்டில் 5-0, 40-0 என்றிருந்தவர், வெற்றிக்குரிய புள்ளி ஒன்பது முறை கைக்கு வந்தும் தோற்றுப்போனார். தொண்டை அடைத்தல் என்ற சொல்லுக்கு உலகத்தில் எங்கேனும் நியாயம் உண்டானால் அது இங்கே உண்டு. எதிரி பிரமாதமாக ஏதும் செய்துவிடவில்லை. இவர் கையே இவரை விட்டது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே நாம் கேட்கிறோம்: அந்த இரண்டு மாலைகளில் நடந்ததை வைத்து நோவோட்னாவை இன்னார் என்று ஆயுளுக்கும் முத்திரையிடுவதற்கு யாருக்கு அதிகாரம்? அவர் 1997-இல் மறுபடி விம்பிள்டன் இறுதி ஆட்டத்துக்கு வந்து மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998-இல் மூன்றாம் முறை வந்து நதாலி தோசியாவை 6-4, 7-6 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றார். 1993-இல் தோள் கொடுத்த அதே கோமகளிடமிருந்தே அதைப் பெற்றுக்கொண்டார். 2017-இல் 49-ஆம் வயதில் அவர் காலமானபோது எழுதப்பட்ட இரங்கற் குறிப்புக்களில் வெற்றியோடு அந்தக் கண்ணீரும் இடம் பெற்றது. கோழைத்தனம் பிறவிக் குணமானால் அவர் மூன்றாம் முறை அந்த மைதானத்துக்குள் காலை வைத்திருக்க மாட்டார்.

இனித் தென்னாப்பிரிக்கர்மீதுள்ள வழக்கு. நிறவெறி ஆட்சி காரணமாக அந்நாடு 1970 முதல் சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. அத்தண்டனை முற்றிலும் தகும் என்பதே நமது அபிப்பிராயம். 1991 நவம்பரில், கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இந்தியாவோடு ஆடித்தான் அவர்கள் உள்ளே திரும்பினார்கள். நான்கே மாதத்தில் உலகக் கோப்பையின் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். குற்றச்சாட்டின் முதல் உருப்படி அங்கே தொடங்குகிறது.

1992 மார்ச் 22, ஸிட்னி. இங்கிலாந்து 45 ஓவரில் 252. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ஓட்டம் தேவைப்பட்ட தருணத்தில் மழை வந்தது. பன்னிரண்டு நிமிஷம் பெய்து நின்றது. அந்நாளைய விதிப்படி, இழந்த ஓவர்களுக்குப் பதிலாக முதலில் ஆடியவர்கள் மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த ஓவர்கள் கழிக்கப்பட்டன. விளைவு, ஒரே பந்தில் 21 ஓட்டம் எடுக்கவேண்டும் என்றாயிற்று. பிரையன் மக்மில்லன் அந்தப் பந்தை மெல்லத் தட்டி ஓர் ஓட்டம் எடுத்துவிட்டு வெளியேறினார். இதில் தொண்டை அடைத்தது யாருக்கு? விதியை எழுதியவர்களுக்கா, மேகத்துக்கா? ஒன்று மட்டும் பிரதிவாதிகளுக்குப் பாதகமாகச் சொல்லலாம்: குறித்த நேரத்துக்குள் 50 ஓவரையும் வீசி முடிக்காமல் அவர்களே தாமதித்தபடியால்தான் இங்கிலாந்தின் ஆட்டம் 45-இல் நின்றது. அது சோம்பல், பயம் அன்று.

1996-இல் கராச்சி கால் இறுதியை விரைவாகக் கடந்துவிடலாம். பிரிவு ஆட்டங்கள் ஐந்தையும் வென்று வந்த அணி, பிரையன் லாரா என்னும் மகாவித்துவான் 111 ஓட்டம் எடுத்த நாளில் 19 ஓட்டத்தில் தோற்றது. லாராவிடம் தோற்றவர்களை எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் என்பதானால் அக்காலத்தில் தப்புகிற தேசம் எதுவும் இராது.

முக்கிய சாட்சியம் 1999 ஜூன் 17-இல் பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நடந்த அரையிறுதி ஆட்டமே. வாதிகள் தங்கள் வழக்கு முழுவதையும் அதன்மேல் கட்டியிருப்பதால் நாம் அங்கே சற்று நிதானித்து நிற்க வேண்டும். ஆஸ்திரேலியா 213 ஓட்டம் எடுத்தது. ஷான் பொல்லாக் ஐந்து விக்கெட்டும் ஆலன் டொனால்ட் நான்கு விக்கெட்டும் வீழ்த்தியிருந்தார்கள். பதில் ஆட்டத்தில் ஷேன் வார்ன் நான்கு பேரைச் சாய்த்தார். கடைசி ஓவர் தொடங்கும்போது தென்னாப்பிரிக்காவுக்கு 9 ஓட்டம் தேவை. கையில் ஒரே விக்கெட். ஆடுகிறவர் லான்ஸ் குளூஸ்னர்; எதிர்முனையில் டொனால்ட். டேமியன் ஃபிளெமிங் வீசிய முதல் இரண்டு பந்துகளையும் குளூஸ்னர் எல்லைக் கோட்டுக்கு விரட்டினார். இரு தரப்பும் சமம். நான்கு பந்து மிச்சம். ஓர் ஓட்டம் வந்தால் இறுதி ஆட்டம்.

மூன்றாவது பந்தில் டொனால்ட் முனையை விட்டு வெகு தூரம் முன்னே வந்துவிட்டார். பந்து அருகில் நின்ற டேரன் லேமனிடம் போயிற்று. அவர் ஸ்டம்பின்மேல் எறிந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். மிகச் சமீபத்திலிருந்து எறிந்தும் குறி தவறினார். நான்காவது பந்தைக் குளூஸ்னர் மார்க் வாக் பக்கமாகத் தட்டிவிட்டு ஓடிவந்தார். டொனால்டோ, சற்று முன்பு நேர்ந்த ஆபத்து நினைவிலிருக்க, முனையைவிட்டு அசையவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கும்போது குளூஸ்னர் அவரைத் தாண்டி நிற்கிறார். மட்டை கையிலிருந்து நழுவியது. பந்து வாக்கிடமிருந்து ஃபிளெமிங்குக்கும், அவரிடமிருந்து கில்கிறிஸ்டுக்கும் போய் விக்கெட் விழுந்தது. 213-க்கு 213. முந்தின சுற்றுப் பட்டியலில் மேலிருந்தபடியால் ஆஸ்திரேலியா இறுதிக்குச் சென்றது.

இப்பொழுது குறுக்கு விசாரணை. குற்றவாளி யார்? குளூஸ்னரா? 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 31 ஓட்டம் எடுத்தவர் அவர்; அப்போட்டி முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்கே. டொனால்டா? அன்று காலையில் நான்கு விக்கெட் வீழ்த்திய கை நடுங்கிய கையா? முந்தின பந்தில் அவசரப்பட்டது தவறென்று அறிந்து, அடுத்த பந்தில் எச்சரிக்கையாக நின்றார். அந்த எச்சரிக்கை அடுத்த பந்துக்குப் பொருந்தாமற் போயிற்று. இருவருக்கும் இடையே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத குறை நிச்சயம் உண்டு. அதற்கு அவசரம் என்று பேர் வைக்கலாம், கவனப் பிசகு என்று பேர் வைக்கலாம். சரி, பதற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டம்பைத் தவறவிட்ட லேமனின் பதற்றத்துக்கு என்ன பெயர்? ஒரே ஓவரில் இரு தரப்பிலும் கை தவறியிருக்கிறது. ஒரு தரப்புக்குக் கோப்பை. மற்றொரு தரப்புக்குப் பட்டப்பெயர். லேமனுடைய எறி தவறியதை இன்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இதற்கு நான்கு நாள் முன்பு லீட்ஸ் நகரில் அதே இரு அணிகளும் மோதியபோது, ஹெர்ஷல் கிப்ஸ், ஸ்டீவ் வாக் கொடுத்த எளிய காட்சைக் கையில் வாங்கி, மேலே எறிந்து கொண்டாடும் ஆத்திரத்தில் நழுவவிட்டார். வாக் ஆட்டமிழக்காமல் 120 எடுத்து வென்றார். அந்த வெற்றியினாலேயே பட்டியலில் ஆஸ்திரேலியா மேலே வந்தது. இதையும் வாதிகள் தங்கள் சாட்சியத்தில் சேர்க்கிறார்கள். ஆனால் கிப்ஸ் செய்த பிழை மிதமிஞ்சிய தைரியத்தால் விளைந்தது, கலக்கத்தால் அன்று. நேர் எதிரான இரண்டு நோய்களுக்கு ஒரே பெயர் சூட்டும் வைத்தியனை யார் நம்புவார்கள்?

2003 மார்ச் 3-இல் டர்பனில் நடந்ததோ வெறும் கணக்குப் பிழை. இலங்கைக்கு எதிரான ஆட்டம், மழை நெருங்கிக்கொண்டிருந்தது. 229 ஓட்டம் இருந்தால் ஜயம் என்று களத்துக்குச் செய்தி அனுப்பப்பட்டது. மார்க் பௌச்சர் முரளிதரனின் பந்தைச் சிக்ஸருக்குத் தூக்கி அந்த எண்ணை எட்டினார். அடுத்த பந்தை, விக்கெட்டைக் காக்கும் பொருட்டு, மெல்லத் தடுத்துவிட்டார். மழை வந்தது. 229 என்பது ஜயத்துக்குரிய எண் அல்ல, சமத்துக்குரிய எண் என்று பிறகு தெரிந்தது. சொந்த நாட்டில் நடந்த போட்டியிலிருந்து முதற் சுற்றிலேயே வெளியேறினார்கள். முரளிதரனைச் சிக்ஸர் அடித்தவனுக்குத் தொண்டை அடைத்திருந்தது என்று எந்த ஜூரியும் சொல்லாது. குமாஸ்தாவின் பிழைக்குக் கட்சிக்காரனைத் தூக்கிலிடுகிறோம்.

வழக்கில் கனமான உருப்படிகளும் உண்டு; அவற்றை மறைப்பது தொழில் தர்மம் ஆகாது. 2007-இல் ஸெயின்ட் லூஷியா அரையிறுதியில் 27 ஓட்டத்துக்குள் ஐந்து விக்கெட் போயிற்று. 2011-இல் டாக்கா கால் இறுதியில், நியூஸிலாந்து வைத்த 222 என்ற இலக்கை நோக்கி 2 விக்கெட்டுக்கு 108 என்று நிம்மதியாகச் சென்றுகொண்டிருந்தவர்கள் 172-இல் சுருண்டார்கள். 2013-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதி. 80 ஓட்டத்துக்கு எட்டு விக்கெட். அன்று மாலை அவர்களுடைய பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனே தம் அணிக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்த பிறகு என்ன வாதம் என்பார்கள். அந்த மாலையைப் பற்றி அந்த அணியின் பயிற்சியாளர் கொடுத்த வாக்குமூலம் அந்த மாலைக்குத்தான் செல்லும்; முந்தினவர்களையும் பிந்தினவர்களையும் அது கட்டாது. டாக்காவிலும் ஓவலிலும் கலக்கம் இருந்தது என்று நாமும் ஏற்றுக்கொள்ளத் தயார்.

ஏற்றுக்கொண்ட பின்னும் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. ஏனென்றால், சாட்டப்பட்டிருப்பது இரண்டு மாலைகளைப் பற்றிய குற்றம் அன்று. ஒரு தேசத்தின் சுபாவத்தைப் பற்றியது. சட்டத்தில் இதற்குத் தெளிவான ஏற்பாடு உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, கிரிமினல் வழக்கில் எதிரியின் துர்நடத்தையைப் பற்றிய சாட்சியத்தை, அவன் தன் நன்னடத்தைக்குச் சாட்சியம் கொண்டுவந்தால் ஒழிய, அனுமதிப்பதில்லை. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. காரணம் வெளிப்படை. ஒருவன் முன்பு செய்ததைக் கேள்விப்பட்ட ஜூரி, இப்பொழுது என்ன செய்தான் என்பதைப் பார்க்கவே மறந்துவிடும். சோக்கர் என்ற சொல் செய்கிற வேலை இதுவேதான். தோல்வி நேருமுன்பே காரணம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. 2024 ஜூன் 29-இல் பிரிட்ஜ்டவுனில் ஆடிய மார்க்கோ யான்சனும் டிரிஸ்டன் ஸ்டப்ஸும் 2000-ஆம் வருஷத்தில் பிறந்தவர்கள். டொனால்ட் மட்டையை நழுவவிட்ட நாளில் அவர்கள் இவ்வுலகிலேயே இல்லை. அன்றைய தோல்வி எந்த நியாயத்தால் இவர்கள் கணக்கில் பற்று எழுதப்படுகிறது? பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்யும் சட்டத்தை இந்நாடு அறியும். 1871-இல் இயற்றப்பட்டு, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் எத்தனை கிராமங்களை ரேகைப் பதிவுக்கு நிறுத்தியது என்பதை மதுரை ஜில்லாவில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கொடுமையின் முன் பந்தாட்டக்காரர்கள் கேட்கும் ஏச்சு தூசுக்குச் சமம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் துணியோம். ஆனால் தர்க்கம் ஒன்றுதான்.

எண்ணிக்கைச் சாஸ்திரத்தைச் சிறிது கேட்போம். 1992 முதல் 2011 வரை உலகக் கோப்பையில் தோற்றால் வெளியே என்ற ஆட்டங்கள் ஐந்தில் தென்னாப்பிரிக்கா ஆடியது. ஐந்திலும் மேலே செல்லவில்லை. பலம் ஏறத்தாழ ஒத்த இரு அணிகள் மோதும் ஆட்டம் நாணயம் சுண்டுவதைப் போன்றது என்று கொண்டால், ஐந்தும் பாதகமாக விழுவது 32-ல் 1. அபூர்வமே. ஆனால் எட்டு அணிகள் இப்படிச் சுண்டிக்கொண்டிருந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஐந்தும் பாதகமாக விழுவது 4-ல் ஒன்றுக்கும் 5-ல் ஒன்றுக்கும் இடையில் வரும். அது அபூர்வம் அன்று. யாரோ ஒருவர் தலையில் விழவேண்டியது இவர்கள் தலையில் விழுந்தது என்பதற்கு இடமிருக்கிறது. அவர்கள் எதிரிகளைவிடப் பலசாலிகள் ஆயிற்றே, நாணயக் கணக்கு பொருந்துமா என்று வாதிகள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே, அந்த அளவுக்குக் கணக்கு அவர்கள் பக்கம் சாயும். ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதும் நாம் அறிந்ததே.

தேர்ந்தெடுத்துச் சாட்சி கொண்டுவரும் தந்திரமும் இவ்வழக்கில் தாராளமாக இருக்கிறது. 1998-இல் டாக்காவில் இறுதி ஆட்டத்தை வென்று சர்வதேசக் கோப்பை ஒன்றைத் தென்னாப்பிரிக்கா கொண்டுபோயிற்று. 2015-இல் ஸிட்னி கால் இறுதியில் இலங்கையை 133-இல் மடக்கி ஒன்பது விக்கெட்டில் வென்றது. இவற்றை யாரும் எண்ணுவதில்லை. அடுத்த வாரம் ஆக்லந்தில் நியூஸிலாந்திடம் தோற்றதை மட்டும் எண்ணுகிறார்கள். இரண்டு பந்தில் ஐந்து ஓட்டம் தேவைப்பட்ட தருணத்தில் டேல் ஸ்டெய்னின் பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பிய கிராண்ட் எலியட், ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர். நடுக்கம் அந்த மண்ணின் குணமானால் அது கடல் தாண்டியதும் எப்படி மறைந்தது?

இப்படி ஏசுவோரில் நமது தேசத்தவரும் இருப்பதுதான் விசித்திரம். 2013 சாம்பியன்ஸ் கோப்பைக்குப் பிறகு பதினொரு வருஷம் இந்தியாவுக்கு உலகப் பட்டம் எதுவும் கிட்டவில்லை. 2014 டாக்கா, 2015 ஸிட்னி, 2016 பம்பாய், 2017 ஓவல், 2019 மான்செஸ்டர், 2021 ஸௌதாம்டன், 2022 அடிலெய்ட், 2023-இல் ஓவலும் ஆமதாபாத்தும். ஆமதாபாத்தில் தொடர்ந்து பத்து ஆட்டம் வென்ற அணி பதினோராவதில் வீழ்ந்தது. அப்பொழுது நாம் ஆடுகளத்தின் மண்ணைப் பற்றிப் பேசினோம், டாஸைப் பற்றிப் பேசினோம், டிராவிஸ் ஹெட்டின் திறமையைப் புகழ்ந்தோம். எல்லாம் சரியான பேச்சே. அந்தப் பேச்சைப் பிறருக்கும் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

2018 மார்ச் 18-இல் கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிராக நடந்த முத்தரப்பு இறுதி ஆட்டத்தை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் விஜய் சங்கர் முஸ்தாபிசூரின் பந்துகளைத் தொட முடியாமல் திணறினார். 19 பந்தில் 17 ஓட்டம். பின்னர் வந்த அதே தமிழ்நாட்டின் தினேஷ் கார்த்திக், 12 பந்தில் 34 தேவை என்ற நிலையில் இறங்கி, 8 பந்தில் 29 எடுத்துக் கடைசிப் பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பி வென்றார். ஒருவருக்குப் பல்லக்கு, மற்றவருக்கு வசை. சர்வதேச ஆட்டத்தில் அன்றுதான் முதன்முதலாக மட்டை பிடிக்க வாய்ப்புப் பெற்ற இளைஞர் ஒருவரை, பதினான்கு வருஷம் ஆடிப் பழுத்தவரோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னோம். கடைசிப் பந்து எல்லைக்குள் விழுந்திருந்தால் அந்த இளைஞரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது.

பிரிட்ஜ்டவுனுக்கு வருவோம். இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம், இந்தியா 176. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ஓட்டம் போதும். ஆறு விக்கெட் கையில். கிளாசன் 27 பந்தில் 52 எடுத்து மைதானத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். வாதிகளுக்கு இதைவிடச் சிறந்த உருப்படி கிடைக்காது. ஆனால் பிறகு நடந்தது என்ன? பும்ரா ஓர் ஓவரில் நான்கு ஓட்டமும் மற்றோர் ஓவரில் இரண்டு ஓட்டமும் கொடுத்தார். ஹார்திக் பாண்டியா கிளாசனை வீழ்த்தினார். கடைசி ஓவரின் முதற் பந்தை டேவிட் மில்லர் எல்லைக்கு மேலே தூக்கினார். சூர்யகுமார் அதைப் பிடித்து, எல்லைக்கு வெளியே போகும் காலோடு பந்தை மேலே எறிந்து, மறுபடி உள்ளே வந்து பிடித்தார். ஏழு ஓட்டத்தில் இந்தியா வென்றது. எதிரியின் தொண்டை அடைத்ததால் வென்றோம் என்று சொன்னால், பும்ராவின் அந்த ஓவர்களுக்கு மதிப்பு என்ன? தோற்றவனை இகழும் சொல் வென்றவனையும் சேர்த்தே இகழ்கிறது என்பதை நம் ரஸிகர்கள் கவனிக்கவில்லை.

இந்நோய் பிறவியைச் சேர்ந்தது அன்று, பழக்கத்தைச் சேர்ந்தது என்பதற்கும் ஆராய்ச்சி உண்டு. சியான் பெய்லாக், தாமஸ் கார் என்ற இருவர் 2001-இல் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை வைத்துச் சோதித்தார்கள். பிறர் பார்வையில் இருக்கிறோம் என்ற உணர்ச்சியோடு, படம் எடுக்கும் கருவிக்கு முன்னால் பழகினவர்கள், பின்னர் நெருக்கடி வந்தபோது தடுமாறவில்லை. சபையஞ்சாமையைச் சபையில்தான் பழக வேண்டும். நமது இளம் வக்கீல்களுக்கும் மேடைப் பிரசங்கிகளுக்கும் இது புதிய செய்தி அன்று.

2025 ஜூனில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் உலகப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். எதிரி ஆஸ்திரேலியாவே. முதல் ஆட்டத்தில் 138-இல் சுருண்ட தென்னாப்பிரிக்கா, கடைசியில் 282 எடுக்க வேண்டியிருந்தது. தலைவர் டெம்பா பவுமா, தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் சதமடித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். தம் நாட்டிலேயே கேலியை நிறையக் கேட்டவர். தொடை நரம்பு பிடித்து நொண்டிக்கொண்டே ஆடி 66 எடுத்தார். ஏய்டன் மார்க்ரம் 136. நான்காம் நாள் காலையில் 69 ஓட்டம் மட்டுமே மிச்சமிருந்தபோது, ஆஸ்திரேலியர்கள் அந்தப் பழைய சொல்லைத் தம் காதில் விழும்படி உச்சரித்தார்கள் என்று பவுமா பின்னர் தெரிவித்தார். ஐந்து விக்கெட்டில் வென்றார்கள். பவுமா 2 ஓட்டத்தில் இருந்தபோது அவர் கொடுத்த காட்சை ஸ்டீவ் ஸ்மித் நழுவவிட்டு விரல் மூட்டையும் பிசகச் செய்துகொண்டார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அது கையில் நின்றிருந்தால் கதை வேறு, பட்டப்பெயரும் நீடித்திருக்கும்.

அதே வருஷம் நவம்பர் 2-இல், நவி மும்பையில், பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டத்தில் வென்று முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றார்கள். தோற்ற அணியின் தலைவி லாரா வோல்வார்ட், அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 169 எடுத்தவர், இறுதி ஆட்டத்தில் 101 எடுத்தார். தீப்தி சர்மாவின் பந்தை அவர் தூக்கி அடிக்க, அமன்ஜோத் கௌரின் கைகளில் அது துள்ளித் துள்ளிக் கடைசியில் ஒரு கையில் நின்றது. இறுதி ஆட்டத்தில் சதமடித்துத் தோற்ற இந்தப் பெண்மணியின்மேல் அச்சொல்லை ஒட்ட விரும்புகிறவர், அது அவருடைய எந்தப் பந்தில் நிகழ்ந்தது என்று ஆட்டக் கணக்கைத் திறந்து நமக்குக் காட்டட்டும்.